கழுவிக் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா: ஆல்டோவை மாற்றிய அனுபவம்

இலங்கையில் வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் நீங்கிய பிறகு, எங்கள் வீட்டிலும் பழையதைக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கலாம் என்ற பேச்சு கிளம்பியது. கடைசியில் எங்கள் 2014 ஆல்டோ காரைக் கொடுத்து ஒரு வாகன் ஆர் எடுத்தோம். கொடுக்கும் முன் வந்த கேள்வி சின்னதுதான். அப்படியே ஓட்டிக்கொண்டு போவதா, காசு கொடுத்து கட் அன்ட் பொலிஷ் போடுவதா, நானே கழுவுவதா?

அப்படியே கொடுத்தால் செலவில்லை, அலைச்சலில்லை. பழைய வாகனம் வாங்கி விற்கும் கார் சேல்காரருக்கு அழுக்குக்குக் கீழே இருப்பதைப் பார்க்கவும் தெரியும். ஆனால் பேரம் பேசும்போது அந்த அழுக்கே அவருக்குப் பிடி. முதலில் ஓரிடத்துக்கு அப்படித்தான் போனேன். கச்சான் காற்று அடிக்கும் காலம், வண்டி முழுக்கப் புழுதி. பின் சீட்டில் மீன் பையின் வாடை வேறு (மனைவி எத்தனை தரம் சொல்லியும் நான் திருந்தவில்லை). கதவைத் திறந்தவர், "உள்ளே எல்லாம் கழற்றிக் கழுவ வேணும் அண்ணன்" என்றார். அதிலிருந்து கழிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை.

பொலிஷ் விஷயத்தில் என்னிடம் இருப்பது மச்சானின் அனுபவம் மட்டும். 18 ஆயிரம் ரூபாய் கொடுத்து தன் விட்ஸ் காரைக் கண்ணாடி மாதிரி ஆக்கிக்கொண்டு ஒரு கார் சேலுக்குப் போனார். அங்கே இருந்தவர் கதவு ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கே அடிபட்டது?" என்று கேட்டாராம். அடிபடவே இல்லை! பழைய வண்டி திடீரென்று மினுங்கினால் சந்தேகம் வரத்தான் செய்யும். கட் அடிப்பது பெயின்ற்றின் மேல் படையைக் கொஞ்சம் சுரண்டும் வேலை. கார் சேல்காரர் தன் ஆளை வைத்து அதை மலிவாகவே செய்துகொள்வார், நீங்கள் கொடுத்த காசை விலையில் சேர்க்கமாட்டார். விளம்பரம் போட்டு நேரே விற்பவருக்கு, படம் அழகாக வருவதற்காகவேனும் பொலிஷ் உதவலாம். நான் அப்படி விற்றதில்லை.

நானே கழுவுவதில்தான் எனக்குப் பலன் கிடைத்தது. அதற்குக் காரணம் மேல் பக்கம் அல்ல, அடிப் பக்கம். இரண்டாவதாகப் போன இடத்தில், பார்க்க வந்தவர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாக்கை விரித்துப் படுத்து, போன் வெளிச்சத்தை அடியில் அடித்தார்.

"எந்தப் பக்கத்து வாகனம் அண்ணன்?"

"உப்புவெளி."

"அதுதான் பார்க்கிறேன்."

திருகோணமலைக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் வாடைக்காற்று உப்பைத் தூக்கிக்கொண்டு வரும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் இரும்பு காயாமல் கறள் பிடிக்கிறது. டயருக்கு மேலுள்ள வளைவு, கதவின் கீழ் ஓரம், தகடும் தகடும் சேரும் இடம் எல்லாம் ஆபத்தான இடங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் இருக்கும். நிலாவெளி மணல் அதில் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். நான் அவற்றை ஈர்க்குக் குச்சியால் குத்தித் திறந்து, ஹோஸை அடியில் பிடித்து நன்றாக அலசினேன். கிணற்றுத் தண்ணீரைத் தொடவில்லை. எங்கள் கிணறு உவர், அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கதைதான். குழாய்த் தண்ணீர் மட்டும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கொடுப்பதற்கு முதல் நாள் மட்டும் கழுவி முந்திய வருடங்களின் கறளைப் போக்க முடியாது. ஒவ்வொரு வாடைக்காலத்திலும் அடியைக் கழுவி வந்ததால்தான் காட்ட ஏதோ இருந்தது. அந்தப் பழக்கம் இல்லாதவர் கடைசி நேரத்தில் கறுப்புப் பெயின்ற் அடித்து மூடவும் வேண்டாம், பார்ப்பவர் அதைத்தான் முதலில் சுரண்டிப் பார்ப்பார். எஞ்சினும் அப்படியே. பளிச்சென்று கழுவினால் ஒயில் ஒழுக்கை மறைக்கிறான் என்று நினைப்பார்கள். வேகமாகத் தண்ணீர் அடித்தால் வயர் இணைப்புகளுக்குள் புகுந்து, நன்றாக ஓடிய வண்டி அன்றைக்கே மக்கர் பண்ணும். நான் ஈரத்துணியால் தூசியைத் துடைத்ததோடு சரி.

உள்ளே, மிதியடிகளை எடுத்து வெயிலில் போட்டு, சீட்டிலும் கார்ப்பெட்டிலும் அப்பச்சோடா தூவி ஒரு இரவு வைத்துவிட்டுத் தட்டினேன். வாடை முழுதாகப் போகவில்லை, பெருமளவு போனது. கொண்டுபோவதற்கு இரண்டு நாள் முன்பே எல்லாம் முடித்துவிட்டேன், ஈரக் கார்ப்பெட்டின் நாற்றம் மீனை விட மோசம்.

இரண்டாமவர் கொடுத்த விலை முதலாமவர் சொன்னதை விட 85 ஆயிரம் கூட. அத்தனையும் கழுவியதால் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆள் வேறு, கிழமை வேறு, அவருக்கு அந்த வாகன் ஆரைத் தள்ளிவிடும் அவசரமும் இருந்திருக்கலாம். ஆனால் சாக்கிலிருந்து எழுந்து, "அடி நல்லா இருக்கு" என்று சொன்ன பிறகு, கழிப்பதற்கு அவருக்கு டயர் மட்டும்தான் மிஞ்சியது.

இப்போது மீன் பை மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள், டிக்கியில் போகிறது.