எஸ்.ஆர்.டி. 5.1: கூடுவிட்டுக் கூடு பாய இந்த விதிநூல் போதுமா?

விக்கிரமாதித்தன் கதையில் வரும் கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தையை மேசையில் விளையாடக்கூடிய மந்திரமாக எழுத முடியுமா? எஸ்.ஆர்.டி. (சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட்) 5.1க்கு இங்கே வைத்த பரீட்சை அதுதான். பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு அடிப்படை விதிகள் அடங்கிய 403 பக்க பி.டி.எஃப். இது. விலை இல்லை. 2016இல் வேறோர் உரிமத்தில் வெளியானது, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு வந்தது. மூலத்தையும், மாற்றியிருந்தால் அதையும் குறிப்பிட்டால் போதும்: தமிழாக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், விற்கவும் செய்யலாம்.

கல்லும் மணலும் குவிந்து கிடக்கின்றன, மேசனைத்தான் காணோம். 300க்கு மேற்பட்ட மந்திரங்கள் இருந்தும், புதிதாக ஒன்றைச் செய்வது எப்படி என்று வழிகாட்டும் பகுதி இல்லை. எந்த நிலை (பலப் படி) மந்திரம் எவ்வளவு சேதம் தரலாம் என்ற அட்டவணை, காசு கொடுத்து வாங்கும் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் இருக்கிறது. அதையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். மூன்றாம் நிலையில் பலரைத் தாக்கும் மந்திரத்துக்கு 6டி6 (ஆறு முகப் பகடை ஆறின் கூட்டுத்தொகை) என்கிறது 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் அட்டவணை. ஃபயர்பால் அதே மூன்றாம் நிலையில் 8டி6 எரிக்கிறது. கூடுபாய்தலில் சேதமே கிடையாது என்பதால் அந்த அட்டவணை இருந்தும் பயன் இல்லை. மிஞ்சும் வழி ஒன்றுதான்: நூலுக்குள் மிக நெருங்கிய சொந்தக்கார மந்திரத்தைப் பிடித்து, ஒவ்வோர் அம்சமாக மாற்றிப் பார்ப்பது.

அந்தச் சொந்தம் மேஜிக் ஜார். ஆறாம் நிலை. ஒரு நிமிடம் ஓத வேண்டும். 500 பொன்னாவது பெறுமதியுள்ள ஒரு கொள்கலம் வேண்டும். உயிர் அதற்குள் போய்விட, உடல் கட்டைபோலக் கிடக்கும். கொள்கலத்திலிருந்து 100 அடிக்குள் நிற்கும் மனிதர் ஒருவரின் உடலைப் பிடிக்கலாம். அவர் கரிஸ்மா சேவில் (ஆளுமைத் திறனைக் கொண்டு பகடை போட்டு எதிர்ப்பதில்) தோற்றால் உடல் உங்களுடையது, வென்றால் 24 மணிநேரத்துக்கு அவரை மறுபடி தொட முடியாது.

இது நம்முடைய வித்தை அல்ல. இது பேய் பிடிப்பது. கதையில் ராசா உயிரோடு இருப்பவனைப் பிடிக்கவில்லை, செத்த கிளியின் உடலுக்குள் போகிறார். கொள்கலம் எதுவும் இல்லை. ஒட்டுக்கேட்டு மந்திரத்தைக் கற்றவன், வெறுமையாகக் கிடந்த ராச உடலுக்குள் புகுந்து அரண்மனைக்குப் போய்விடுகிறான். திருமூலர் கதையும் இதே வழிதான்: இறந்த மூலன் என்ற இடையனின் உடலுக்குள் போனவர் திரும்பி வந்தபோது தன் உடலைக் காணவில்லை. விட்டுவந்த உடல் பறிபோகும் என்ற பயம்தான் இந்த வித்தையின் உயிர். அதை விதியாக்காவிட்டால் மிஞ்சுவது மிருகமாக மாறும் சாதாரண மந்திரம், அதற்கு பாலிமார்ப் ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே கொள்கலத்தையும், உயிரோடு இருப்பவரைப் பிடிக்கும் அதிகாரத்தையும் எடுத்துவிடுங்கள். 100 அடிக் கயிற்றையும் அறுத்துவிடுங்கள், கிளி பறந்து போக வேண்டுமே. பலம் பாதியாகிவிடும், நான்காம் நிலை பொருந்தும். பாலிமார்ப்பும் நான்காம் நிலைதான், ஆனால் அது கவனம் கலையாதிருந்தால் ஒரு மணிநேரம் மட்டும். திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளடியில் உடலைக் கிடத்திவிட்டு, மானாகிப் பிரெட்ரிக் கோட்டைக்குள் வேவு பார்க்கப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 8 கிலோமீற்றர். நூலின் சாதாரணப் பயண வேகம் மணிக்கு 3 மைல் என்பதால் போய்ச் சேரவே ஒன்றரை மணிநேரத்துக்கு மேல். அதனால் கால அளவை 24 மணிநேரமாக்கி, கவனக் கட்டுப்பாட்டையும் நீக்க வேண்டும். (மான்கள் திரியும் அந்தக் கோட்டைக்குள் புள்ளிமான் ஒன்று கூடியதை எந்தக் காவலாளி கவனிக்கப் போகிறான்? திருகோணமலையில் இந்த மந்திரம் கொஞ்சம் மலிவாகிவிடுகிறது, ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர், அதாவது டி.எம்., கவனிக்கவும்.)

ஓதும் நேரம் 10 நிமிடம். ரிச்சுவல் என்ற குறியை மறந்தும் போடாதீர்கள், போட்டால் ஸ்பெல் ஸ்லாட் (நாளுக்கு இத்தனை என்ற மந்திரப் பங்கு) செலவில்லாமல் நாள் முழுக்கப் பாய்வார்கள். சடலம் மிருகமாகவோ மனிதராகவோ இருக்கலாம், இறந்து ஒரு நாளுக்குள் இருக்க வேண்டும். நம்மூர் வெயிலுக்கு அதுவே அதிகம். சடலத்தின் சலஞ்ச் ரேட்டிங் (எதிரியாக அதன் வலிமையைக் காட்டும் எண்) பாய்பவரின் அனுபவ நிலையில் பாதிக்கு மேல் போகக்கூடாது. இந்த இரண்டு வரம்பும் இல்லையென்றால் இரண்டாவது வாரமே யாராவது டிராகனைக் கொன்று உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

அடுத்த சிக்கல் ஹிட் பாயின்ட், அதாவது உடல் தாங்கும் சேத அளவு. சடலத்துக்கு அது பூச்சியம். புகுந்ததும் முழுமையாகக் கொடுத்தால் புண்ணோடு செத்த உடல் புதிதாக எழும், நம்பும்படி இல்லை. பாதி கொடுப்பது நல்லது. மானுக்கு 4, ஆகவே 2. ஆனால் ஐந்தாம் பதிப்பின் பொது விதி பின்னத்தைக் கீழ்நோக்கி வெட்டும். கிளிக்கு நூலில் விவரம் இல்லாததால் அண்டங்காக்கையைத்தான் எடுக்க வேண்டும் (குரல் போலிசெய்யும் திறன் அதற்கு இருப்பது அதிர்ஷ்டம்). அதன் ஹிட் பாயின்ட் 1. பாதி வெட்டினால் பூச்சியம், புகுந்த கணமே விழுந்துவிடும். ‘குறைந்தது 1’ என்று எழுதியே ஆக வேண்டும்.

அந்த உடல் செத்தால்? மேஜிக் ஜார் சொல்வது: உங்கள் சொந்த மந்திர எண்ணுக்கு (உங்கள் மந்திரத்தை எதிர்ப்பவர் பகடையில் எட்ட வேண்டியது) எதிராகவே கரிஸ்மா சேவ், தோற்றால் மரணம். அனுபவத்தில் ஏழாம் நிலையை எட்டிய விசார்டின் (படித்து மந்திரம் கற்றவர்) புத்தி 18 என்றால் அந்த எண் 15. கரிஸ்மா 10 உள்ளவர் டி20இல் (இருபது முகப் பகடை) 15 முதல் 20 வரை போட்டால்தான் தப்புவார், அதாவது 30 சதவீதம். கரிஸ்மா 18 உள்ள சோர்சரருக்கு (மந்திரம் பிறவியிலேயே வாய்த்தவர்) அதே இடத்தில் பகடையோடு 7 கூடும், ஆகவே 65 சதவீதம். கெட்டிக்கார விசார்டைத்தான் விதி அதிகம் கொல்கிறது, அதுவும் 2 ஹிட் பாயின்ட் மானாகத் திரியும்போது ஓர் அம்பு பட்டதற்கு. எண்ணை 10 என்று நிலையாக வையுங்கள்: விசார்டுக்கு 55, சோர்சரருக்கு 90. வென்றால் உயிர் தன் உடலுக்கு 1 ஹிட் பாயின்டுடன் திரும்பும். தோற்றாலும் நேரே மரணம் வேண்டாம். பூச்சியத்தில் திரும்பி டெத் சேவ் (பிழைப்பதா சாவதா என்று முடிவாகும் பகடை) போடட்டும். காவலுக்கு விட்டுவந்த நண்பன் அருகில் இருக்கிறானா என்பது அப்போது முக்கியமாகும்.

திரும்ப வர மந்திரம் ஓதத் தேவையில்லை என்றும் வையுங்கள், தன் உடலை ஓர் ஆக்‌ஷனில் தொட்டால் போதும். மானால் வாய் திறந்து ஓத முடியாது. வேற்றுடலில் இருக்கும்போது வேறு மந்திரங்களுக்கு அனுமதி இல்லை. மேஜிக் ஜார் வகுப்புத் திறன்களை (விசார்ட், சோர்சரர் போன்ற பாத்திர வகைக்கு உரியவை) வைத்திருக்க விடுவதால், இந்த வரியை விட்டுவிட்டால் பேசும் கிளி கூரையில் இருந்து ஃபயர்பால் வீசும்.

இப்போது திருடன். ஓதும் 10 நிமிடமும் 30 அடிக்குள் இருந்து கேட்டவர் ஆர்க்கானா (மந்திர அறிவு) பகடையில் 18ஐ எட்டினால், அடுத்த 24 மணிநேரத்துக்குள் ஒருமுறை அதே மந்திரத்தை ஸ்லாட் இல்லாமல் ஓதலாம். பாய்ந்தவரின் வெற்றுடல் அந்தத் திருடனுக்குச் சடலமாகவே கணக்காகும், சலஞ்ச் ரேட்டிங் வரம்பு அதற்குப் பொருந்தாது. மேஜிக் ஜாரின் ஒரு வரியை இங்கே அப்படியே வைத்திருங்கள்: பிடித்த உடலின் வகுப்புத் திறன்கள் பிடித்தவருக்குக் கிடைக்காது. போலி ராசாவால் ராசாவின் மந்திரங்களை ஓத முடியாது, பிடிபட அதுவே துப்பு. ஆட்டக்காரரின் பாத்திரத்தாளே பறிபோகும் விதி என்பதால், தொடங்குமுன் மேசையில் எல்லோரிடமும் சம்மதம் கேட்டுவிடுங்கள். சம்மதமில்லாத மேசையில் திருடனை டி.எம்.மின் எதிரிகள் மேல் மட்டும் பாயவிடலாம்.

அனுபவப்பட்டவர்கள் உடலைக் காக்க உடனே டைனி ஹட் என்ற மந்திரக் குடிலுக்குள் படுத்துக்கொண்டு பாயப் பார்ப்பார்கள். ஓதியவர் வெளியேறினால் அந்தக் குடில் கலையும் என்கிறது நூல். உயிர் வெளியேறுவது வெளியேற்றமா என்று ஒரு மாலை முழுக்கச் சண்டை பிடிக்கலாம். ‘ஆம்’ என்று மந்திரத்திலேயே எழுதிவிடுங்கள். யாராவது நெருங்கினால் எச்சரிக்கும் அலார்ம் மந்திரத்துக்கு அனுமதி கொடுக்கலாம், அது 8 மணிநேரம்தான். டிஸ்பெல் மேஜிக் கொண்டு முறிக்க வருபவர் எட்ட வேண்டிய எண் 14, இதற்குப் புதிதாக எதுவும் எழுத வேண்டாம்.

நூலைப் பற்றி இன்னும் இரண்டு குறை. மந்திரங்கள் பெயரின் அகர வரிசையில் இருக்கின்றன. ஒரே நிலை மந்திரங்களை ஒப்பிட வகுப்புப் பட்டியலுக்கும் விளக்கத்துக்கும் மாறி மாறிப் புரட்ட வேண்டும். சில மந்திரங்களில் படைத்தவர் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது: டென்சரின் மிதக்கும் தட்டு இங்கே வெறும் மிதக்கும் தட்டு. பழைய பெயரில் தேடினால் கிடைக்காது.

403 பக்கத்தையும் போட்டோக்கொப்பி எடுக்கத் தேவையில்லை. மந்திரப் பட்டியல்கள், மந்திர விளக்கங்கள், மிருக விவரங்கள் போதும். எழுதி முடித்த மந்திரத்தை அடுத்த மேசைக்குக் கொடுப்பதானால், நூலின் தொடக்கத்தில் உள்ள உரிமக் குறிப்பையும் அதே தாளில் அடியில் சேருங்கள். கை மாறும்போது முதலில் காணாமல் போவது அந்த வரிதான், உரிமம் முக்கியமாகக் கேட்பதும் அதைத்தான்.