பலூன் வால்வா, தானே விரியும் வால்வா?

திறந்த அறுவை இல்லாமல், தொடை ரத்தக்குழாய் வழியே இதயத்தின் பெருநாடி வால்வை வைக்க மருத்துவர் சொன்னால் அடுத்து வரும் குழப்பம் இது.

பொருத்துதல்: 2002இல் பிரான்சில் இதய மருத்துவர் அலன் கிரிபியே முதன்முதலாக மனிதருக்கு வைத்தது பலூன் வகை. ஊதினால் பதிந்துவிடும், திரும்ப எடுக்க முடியாது. மற்றது ‘நிட்டினால்’ என்ற உலோகக் கலவையால் ஆன வலை. உடல் சூட்டில் விரியும். இடம் தப்பினால், முழுதாக விடுவிக்கும் முன் உள்ளிழுத்து மாற்றலாம்.

வால்வு வைத்த பின் பேஸ்மேக்கர் (துடிப்பைச் சீராக்கும் கருவி) தேவை: பலூனில் பொதுவாகக் குறைவு.

பின்னாளில் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைப்பது: பலூன் வால்வு குட்டை, வழி எளிது. உயரமான வலைக்குள் நுழைவது சிரமம். அதனால் வயது குறைந்தவருக்கு நான் பலூனையே முதலில் யோசிப்பேன்.

எவ்வளவு காலம் உழைக்கும்: இரண்டிலும் விலங்குத் திசுதான், நாளடைவில் தேயக்கூடியது.

சரி, வால்வு வளையம் சிறியதா (பெண்களுக்கு இது அதிகம்), சுண்ணாம்பு கனமாகப் படிந்திருக்கிறதா? தானே விரிவதுதான் நல்லது: ரத்தம் தாராளமாகப் பாயும், வளையம் கிழியும் ஆபத்தும் குறைவு.