ஓடுகிறதே என்று வைத்துக்கொள்ளாதீர்கள்: மோசமான பேக்கிங்கில் வந்த ஹார்ட் டிஸ்க்

இணையத்தில் ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். பார்சலைத் திறக்கும்போது உள்ளே டிஸ்க் எந்தப் பிடிப்பும் இல்லாமல் கிடந்தால், அதைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்க வேண்டாம். அப்படியே ரிட்டர்ன் போட்டுவிடுங்கள். ‘ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே’ என்றுதான் யாருக்கும் தோன்றும். விற்றவர்களும் அதையேதான் சொல்வார்கள். என்னிடமும் சொன்னார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் ரிட்டர்ன் காலம் கரைவதைத் தவிர வேறு எதுவும் நடக்காது.

நான் ஆர்டர் செய்தது 8 டெராபைட் கொள்ளளவுள்ள 3.5 அங்குல டிஸ்க். வீட்டுப் புகைப்படங்கள், பழைய வீடியோக்கள் எல்லாவற்றுக்கும் இரண்டாவது பிரதி எடுத்து வைக்கத்தான். விற்பனைப் பக்கத்தில் இருந்த படத்தில் நிறுவனத்தின் அச்சிட்ட பெட்டியும், டிஸ்க்கை இரண்டு முனையிலும் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கவ்விகளும் இருந்தன. வந்தது ஒரு சாதாரண அட்டைப்பெட்டி. ஒரு மூலை நசுங்கியிருந்தது. கையில் வாங்கிச் சாய்த்தபோதே உள்ளே ஏதோ கனமாகச் சறுக்கிக்கொண்டு போய் மோதியது. திறந்தால் வெள்ளி நிற ஆன்டி-ஸ்டாட்டிக் கவருக்குள் டிஸ்க். பக்கத்தில் காற்று இறங்கிப்போன ஒரு பிளாஸ்டிக் தலையணை. வேறு எதுவும் இல்லை. அந்தப் பெட்டிக்குள் அப்படிப்பட்ட டிஸ்க்குகள் இன்னும் பல வைத்திருக்கலாம். அவ்வளவு இடத்தில் முக்கால் கிலோவுக்கு நெருங்கிய எடையுள்ள ஒரு டிஸ்க் வழியெல்லாம் இங்கும் அங்கும் முட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

பெட்டியின் நான்கு பக்கமும், நசுங்கிய மூலை, உள்ளே இருந்த நிலை, லேபிள் எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே ரிட்டர்ன் கேட்டு எழுதினேன். பதில் உடனே வந்தது: “ஆன்டி-ஸ்டாட்டிக் கவரில்தான் இருக்கிறது, அதுதான் தொழிற்சாலை பேக்கிங். கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லை என்றால் மாற்றித் தருகிறோம்.”

இந்தப் பதிலில் இருக்கும் ஒவ்வொன்றும் தவறு. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே வாசகம் உங்களுக்கும் வரும்.

அந்த வெள்ளி நிறக் கவர் நிலைமின்சாரத்திலிருந்து சர்க்யூட் போர்டைக் காப்பதற்கு. பெட்டி விழுந்து அடிபட்டால் அது எதையும் காக்காது. தொழிற்சாலையிலிருந்து இந்த டிஸ்க்குகள் பொதுவாக 20 கொண்ட பெரிய கார்ட்டனில் கிளம்புகின்றன. ஒவ்வொரு டிஸ்க்கும் அதனதன் பள்ளத்தில் அசையாமல் நிற்கும். சுற்றிலும் தடித்த நுரை இருக்கும். அந்தக் கார்ட்டன்தான் தொழிற்சாலை பேக்கிங். வியாபாரி கார்ட்டனைப் பிரித்து ஒவ்வொரு டிஸ்க்காக விற்கும்போது, பாதுகாத்த பகுதி கடையிலேயே தங்கிவிடுகிறது. கவர் மட்டும் நம்மிடம் வருகிறது.

அடுத்து, அடி. நிறுவனங்கள் வெளியிடும் விவரத்தாளில் டிஸ்க் எவ்வளவு அதிர்ச்சி தாங்கும் என்று போட்டிருப்பார்கள். 3.5 அங்குல டிஸ்க்குகளில், மின்சாரம் இல்லாமல் அணைந்திருக்கும்போது 2 மில்லிவினாடி அதிர்ச்சிக்கு 250 அல்லது 300 ஜி என்பது வழக்கமான எண். ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு. 300 மடங்கு என்றால் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் விழுகிற பொருள் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்பதை, அது நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால் சராசரி ஜி கிடைத்துவிடும். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து கடினமான தரையில் 1 மில்லிமீட்டருக்குள் நின்றால், சராசரியே 1000 ஜி. அதே டிஸ்க்கைச் சுற்றி நல்ல நுரை இருந்து, அது 2.5 சென்டிமீட்டர் அமுங்கி நிறுத்தினால் 40 ஜிதான். அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைப் பொறுத்து தாங்கும் அளவு கொஞ்சம் மாறும், உண்மைதான். ஆனாலும் நுரை இருக்கிறதா இல்லையா என்பதால் வருகிற வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். கூரியர் கிடங்கில் ஒரு பார்சல் இடுப்பு உயரத்திலிருந்து விழுவது அபூர்வமான விபத்து இல்லை. பேக்கிங் செய்கிறவர் அதை எதிர்பார்த்துத்தான் கட்ட வேண்டும்.

உள்ளே நடப்பது இன்னும் நுட்பமானது. டிஸ்க் ஓடும்போது படிக்கும் ஹெட், சுழலும் தட்டுக்கு மேலே ஒருசில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மனித முடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். அணைந்த பிறகு ஹெட்டுகள் தட்டை விட்டு விலகி ஓரத்தில் ஒரு சாய்தளத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் அணைந்த டிஸ்க் கூடுதல் அடி தாங்குகிறது. பலமான அடியில் ஹெட்டைத் தாங்கும் மெல்லிய கம்பி லேசாக வளையலாம், மோட்டாரின் பேரிங்கில் தழும்பு விழலாம், தட்டுகள் மையத்திலிருந்து இம்மி நகரலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் உதிர்ந்தாலும் போதும். இதில் எதுவும் முதல் நாளே டிஸ்க்கை நிறுத்திவிட வேண்டும் என்பதில்லை. நன்றாக ஓடும், ஃபைல்கள் ஏறும், நம்பிக்கை வரும், அப்புறம் ஒரு நாள் கிளிக் கிளிக் என்று சத்தம் கேட்கும்.

‘ஸ்மார்ட் தகவல் சுத்தமாக இருக்கிறதே’ என்பார்கள். ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்பு. அதில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. கூகுள் 2007இல் 1,00,000க்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. செயலிழந்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேலானவற்றில், வெப்பநிலையைத் தவிர எந்த ஸ்மார்ட் எண்ணிலும் ஒரு முன்னறிகுறிகூட இல்லை. லட்சக்கணக்கில் டிஸ்க் ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் 5, 187, 188, 197, 198 ஆகிய ஐந்து எண்களை முக்கியமாகக் கவனிக்கிறது. அவர்கள் வெளியிட்ட கணக்கிலும், செத்த டிஸ்க்குகளில் 23.3 சதவீதம் இந்த ஐந்திலும் பூஜ்யம் காட்டியபடியே செத்திருக்கின்றன. இவை கூரியரில் அடிபட்ட டிஸ்க்குகளைப் பற்றிய ஆய்வுகள் அல்ல. ஆனால் எண்கள் சுத்தமாக இருப்பதால் டிஸ்க் நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது என்பது இவற்றிலிருந்து தெளிவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில டிஸ்க்குகளில் அதிர்ச்சியைக் குறித்துவைக்க 191ஆவது எண் உண்டு. அது டிஸ்க்குக்கு மின்சாரம் இருக்கும்போது நடப்பதை மட்டும்தான் குறிக்கும். லாரியில் பெட்டிக்குள் வாங்கிய அடிகளை எழுதிவைக்க அங்கே மின்சாரம் ஏது?

‘முழுதாகச் சோதித்துவிடலாம்’ என்றால், 8 டெராபைட்டை ஒரு முறை முழுக்கப் படிக்கவே ஏறக்குறைய அரை நாள் ஆகும். எழுதி, திரும்பப் படித்துப் பார்க்க ஒரு நாள். நான்கு விதமாக எழுதிச் சரிபார்க்கும் கடுமையான சோதனை என்றால் நான்கு நாள். அவ்வளவும் செய்தாலும் தட்டின் பரப்பு இன்று நன்றாக இருக்கிறது என்றுதான் தெரியும். பேரிங்கைப் பற்றியோ, இன்னும் ஆறு மாதத்தில் ஹெட் என்ன ஆகும் என்றோ தெரியாது. இதற்கிடையில் ரிட்டர்ன் காலம் ஓடிக்கொண்டிருக்கும். கவரைக் கிழித்து, டிஸ்க்கைப் பயன்படுத்திவிட்டீர்கள் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை டிஸ்க்கே பதிந்துவைக்கிறதே. இதனால்தான் நான் மாட்டவே இல்லை.

நான் விடாமல் எழுதியதும் மாற்று டிஸ்க் அனுப்பினார்கள். பெட்டி கொஞ்சம் சிறியது, மற்றபடி அதே கவர், அதே காற்றுத் தலையணை. இந்த முறை லேபிளில் இருந்த சீரியல் நம்பரை உற்பத்தி நிறுவனத்தின் வாரண்டிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். இதற்கு டிஸ்க்கை மாட்டத் தேவையில்லை. ஒரு கம்ப்யூட்டர் தயாரிப்பாளருக்கு உதிரிப்பாகமாகப் போன டிஸ்க் அது, நேரடி வாடிக்கையாளருக்கு வாரண்டி கிடையாது என்று வந்தது. விற்பனைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்த வாரண்டி, கடைக்காரரின் சொந்த வாரண்டி. அதாவது ‘ஓட்டிப் பாருங்கள்’ என்று சொன்ன அதே ஆட்களிடம் வருடக்கணக்கில் கையேந்த வேண்டும்.

நிறுவனத்தின் நேரடி வாரண்டி இருந்தாலும் அடிபட்ட டிஸ்க்குக்கு அது பெரிய துணை இல்லை. கையாண்டதில் ஏற்பட்ட சேதத்தை வாரண்டியில் சேர்க்க மாட்டார்கள். நீங்கள் அவர்களுக்குத் திருப்பி அனுப்பும்போது சுற்றிலும் 5 சென்டிமீட்டர் அளவுக்கு நுரை வைத்துக் கட்டச் சொல்வார்கள்; சரியாகக் கட்டாமல் வந்தால் வாரண்டி மறுக்கவும் செய்வார்கள். டிஸ்க்கைச் செய்கிறவர்களே கேட்கும் குறைந்தபட்சப் பேக்கிங் இது. விற்பவரிடம் இதையே கேட்பது பேராசை ஆகாது. புகாரில் இந்த விதியைச் சுட்டிக்காட்டி எழுதினேன், அதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

அடுத்து வந்தது எனக்கு மிகவும் கோபமூட்டிய விஷயம். ரீஃபண்ட் தருகிறோம், ஆனால் ரிட்டர்ன் படிவத்தில் ‘இப்போது தேவையில்லை’ என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள், வேலை சீக்கிரம் முடியும் என்றார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் கூரியர் செலவு வாங்கியவர் தலையில், அதோடு ரீஃபண்டிலிருந்து ஒரு தொகையும் பிடிப்பார்கள் என்று அவர்களுடைய விதிமுறையிலேயே இருக்கிறது. எந்தக் காரணம் சொன்னாலும் இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘சேதமடைந்து வந்தது’ அல்லது ‘விவரத்துக்கு மாறானது’ என்பதையே போடுங்கள், படங்களை இணையுங்கள், பேச்சை எழுத்தில் மட்டும் வையுங்கள். போனில் பேசியது எதுவும் பிறகு சாட்சிக்கு நிற்காது. நான் அப்படியே செய்து, பணம் செலுத்திய சேவையிலும் புகார் பதிந்த பிறகுதான் முழுப் பணமும் வந்தது.

திருப்பி அனுப்பும்போது அவர்கள் அனுப்பியது போலவே அனுப்பாதீர்கள். நன்றாக நுரை வைத்துக் கட்டி, கட்டும்போது படம் எடுத்துவையுங்கள். இல்லையென்றால் சேதத்துக்கு நீங்கள்தான் காரணம் என்று திருப்பிவிடுவார்கள்.

ரெய்டில் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தகவல் போகாதபடி வைக்கும் முறை) போடத்தானே, ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒரே பெட்டியில் வந்த இரண்டு டிஸ்க்குகளும் ஒரே அடியைத்தான் வாங்கியிருக்கும். ஒன்று செத்து, புதியதைப் போட்டு மீட்கும்போது மற்றது மணிக்கணக்கில் இடைவிடாமல் முழுதும் படிக்கப்படும். பலவீனமான டிஸ்க் கைவிடுவதற்கு அதைவிட மோசமான நேரம் இல்லை. எஸ்எஸ்டி, அதாவது தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிஸ்க், வாங்குகிறவர்கள் இவ்வளவு கவலைப்பட வேண்டாம். அதில் அசையும் பாகம் எதுவும் கிடையாது.

ஆர்டர் போடும் முன்பே விற்பவரிடம் கேளுங்கள்: அச்சிட்ட சில்லறைப் பெட்டியா, வெறும் கவரா? உற்பத்தி நிறுவனத்தின் வாரண்டியா, கடையின் வாரண்டியா? பதில் எழுத்தில் வரட்டும். மதிப்புரைகளில் ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள், பேக்கிங் எப்படி இருக்கும் என்று அதிலேயே தெரிந்துவிடும். பிறகு நான் வேறொரு இடத்தில் வாங்கிய டிஸ்க், கவ்விகளுக்கு நடுவில் அந்தரத்தில் நிற்கிற மாதிரி பெட்டிக்குள் இருந்தது, அந்தப் பெட்டி இன்னொரு பெட்டிக்குள் காகிதத் திணிப்போடு வந்தது. குலுக்கினால் அசைவே இல்லை. இப்படி அனுப்புகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஏற்கெனவே மாட்டிவிட்டீர்கள், ரிட்டர்ன் காலம் இன்னும் இருக்கிறது என்றால், நன்றாக ஓடினாலும் திருப்பிவிடுங்கள். அதற்கு முன் உங்கள் ஃபைல்களை முழு ஃபார்மட் போட்டு அழித்துவிடுங்கள். விரைவு ஃபார்மட் போதாது, எளிதில் மீட்டுவிட முடியும்.

காலம் கடந்துவிட்டது என்றால், எந்த ஃபைலுக்கும் அந்த டிஸ்க்கை ஒரே பிரதியாக வைக்காதீர்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் அவ்வப்போது 5, 197, 198 ஆகிய எண்களைப் பாருங்கள். இவற்றில் ஒன்று பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கினால் அன்றே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள். 199 மட்டும் ஏறினால் பதற வேண்டாம். அது பெரும்பாலும் கேபிள் கோளாறு. முதலில் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.