வலது லேனில் லாரி, இடது பக்கம் நாங்கள்: சென்னை – திருச்சி ராத்திரிப் பயணம்

மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டிகளை எடுத்து, வாடகைக் காரில் ஏறும் வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. உளுந்தூர்ப்பேட்டை தாண்டி, வேப்பூர் வருவதற்கு முன்னால் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். திரும்பி வந்து பல வாரம் ஆகியும், ஊர்ப் பயணம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அதுதான் வாயில் வருகிறது.

நேரம் நள்ளிரவு தாண்டியிருக்கும். பின்சீட்டில் அம்மா, நான், எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் பையன். முன்னால் என் வீட்டுக்காரர். வலது லேனில் ஒரு சரக்கு லாரி அறுபதில் போய்க்கொண்டிருந்தது. எங்கள் டிரைவர் தம்பி அதன் பின்னால் போய் ஒட்டிக்கொண்டார். லாரியின் பின்கதவில் எழுதியிருந்த பர்மிட் விவரம் வரை என்னால் படிக்க முடிந்தது. ஹெட்லைட்டை விட்டு விட்டு அடித்தார், ஹாரன் அடித்தார். லாரி நகரவில்லை. சரி என்று இடது லேனுக்குத் திருப்பி அழுத்தினார். வண்டி நூறைத் தாண்டியது.

லாரியின் பாதி நீளத்தைக் கடந்திருப்போம். வெளிச்சத்தில் முதலில் இலைகள் தெரிந்தன. ரோட்டில் யாரோ வேப்பங்கிளையை ஒடித்துப் போட்டு, பக்கத்தில் ரெண்டு கல் வைத்திருந்தார்கள். அதற்கு அர்த்தம் என்னவென்று நம் ஊரில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். கிளைக்குப் பின்னால் ஒரு லாரி, விளக்கு எதுவும் இல்லாமல் இருட்டோடு இருட்டாக நின்றுகொண்டிருந்தது. தம்பி காரை வலது பக்கம் வெட்டினார். ஓடிக்கொண்டிருந்த லாரியின் மூக்குக்கும் எங்கள் வாலுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதன் ஏர் பிரேக் சீறிய சத்தம் மட்டும் கண்ணாடி மூடிய காருக்குள்ளேயே கேட்டது. அம்மா "முருகா" என்றார். தம்பி, "ஒண்ணும் இல்லம்மா" என்றார். நிஜமாகவே அவருக்கு ஒன்றும் இல்லை. கையும் நடுங்கவில்லை, குரலும் மாறவில்லை.

அந்த அமைதிதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம். தினமும் வேலைக்கு ஏ8 நெடுஞ்சாலையில்தான் போகிறேன். அங்கே பல இடங்களில் வேக வரம்பே கிடையாது. 130-க்குள் போவது நல்லது என்று 1978 முதல் ஒரு பரிந்துரை மட்டும் இருக்கிறது. பக்கத்தில் 180-ல் ஒரு கார் கடந்து போகும்போது கூட எனக்கு வயிற்றைக் கலக்கியதில்லை. அதனால் வேகத்தைப் பார்த்துப் பயந்துபோன வெளிநாட்டுக்காரி என்று யாரும் என்னைத் தள்ளிவிட வேண்டாம். எங்கள் கார் அன்றைக்கு அங்கே சாதாரணமாகப் போகும் வேகத்தில்தான் போனது. முன்னால் போகிறவர் அடுத்து என்ன செய்வார் என்பது அங்கே எனக்குத் தெரியும். மெதுவாகப் போகும் லாரி ஓரத்து லேனை விட்டு வராது. அந்த ஓரத்துப் பக்கமாக முந்திப் போனால் 100 யூரோ அபராதம், உரிமத்தில் ஒரு புள்ளி. முன்வண்டிக்கு விட வேண்டிய இடைவெளிக்கு எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு, ஸ்பீடோமீட்டர் காட்டும் எண்ணில் பாதியை மீட்டராக வைத்துக்கொள்வது. நூறில் போனால் ஐம்பது மீட்டர். மேம்பாலத்தின் மேல் கேமரா வைத்து இதை அளக்கிறார்கள். ரொம்ப ஒட்டிப் போனால் 400 யூரோ வரை அபராதமும் மூன்று மாதம் வரை ஓட்டத் தடையும் உண்டு. அங்கேயும் பின்னால் வந்து ஒட்டி லைட் அடிக்கிற ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அது தப்பு என்பது அவர்களுக்கே தெரியும்.

நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் 28 மீட்டர் ஓடிவிடும். அந்தக் கிளையைப் பார்த்து மூளைக்குச் செய்தி போய்க் கால் பிரேக்கில் விழுவதற்கே ஒரு நொடி வேண்டும். வெறும் கல்லையும் இலையையும் நம்பி ஒரு லாரியை நடு ரோட்டில் விட்டுவிட்டுப் போவது எந்த ஊர் நியாயம்?

தொழுதூர் பக்கம் டீக்கு நிறுத்தினோம். அப்போதுதான் தம்பியிடம் பேசினேன். நல்ல பையன், அதையும் சொல்லிவிட வேண்டும். பெட்டியெல்லாம் அவரே தூக்கி வைத்தார், அம்மாவைக் கைபிடித்து இறக்கினார், என் பையனுக்குப் பால் சூடு ஆறும் வரை தம்ளரை மாற்றி மாற்றி ஆற்றிக் கொடுத்தார். "ஏன் தம்பி லெஃப்ட்ல போனீங்க?" என்று கேட்டேன்.

"ரைட்ட லாரிக்காரன் விடவே மாட்டான்க்கா. அவன் பின்னாடியே போனா திருச்சிக்கு விடிஞ்சிரும்."

"அந்த லாரி நின்னுட்டு இருந்ததைப் பார்த்தீங்களா?"

"பார்த்துட்டேன்க்கா. இவன் பிரேக் அடிப்பான்னு தெரியும். நம்மள அவனும் பார்த்துட்டான்ல."

ரோட்டில் எது பயம் என்று கேட்டதற்கு, "டவுனுக்குள்ள டூ வீலர்தான்க்கா பயம், குறுக்க வந்துருவாங்க. ஹைவேஸ்ல எனக்குப் பயமே கிடையாது" என்றார். அப்புறம் அவர் சொன்ன ஒன்றுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது: "மெதுவா போனாதான்க்கா எனக்குத் தூக்கம் வரும்." விசாரித்தால், அன்று காலையிலேயே புதுச்சேரியிலிருந்து ஒரு குடும்பத்தை ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டிருக்கிறார். எங்கள் விமானம் வரும் வரை பார்க்கிங்கில் காரிலேயே கொஞ்சம் கண்ணை மூடியிருக்கிறார். எங்களைத் திருச்சியில் விட்டுவிட்டு உடனே திரும்ப வேண்டும், மதியம் வேறு சவாரி இருக்கிறதாம்.

அவர் சொன்னதையெல்லாம் பிறகு யோசித்துப் பார்த்தேன். லாரிக்காரர் ஏன் வலது லேனை விட மறுக்கிறார்? இடது லேனில் இருட்டில் வண்டி நிற்கிறது, ஆட்டோ போகிறது, எதிர்த்திசையில் பைக் வருகிறது. அவருக்கு வலதுதான் பத்திரம். பைக்காரர் ஏன் எதிரே வருகிறார்? சரியான பக்கம் போய்த் திரும்ப வேண்டுமென்றால் மீடியனில் அடுத்த இடைவெளி வெகு தூரத்தில் இருக்கிறது, பல இடங்களில் சர்வீஸ் ரோடும் இல்லை. ஓரமாகவே கொஞ்சத் தூரம் எதிரே வந்துவிட்டால் லாரிகளுக்கு நடுவில் ரோட்டைக் கடக்க வேண்டாம் என்று அவர் நினைக்கிறார். எங்கள் தம்பிக்கு வேகம்தான் தூக்கத்துக்கு மருந்து. ஒவ்வொருவரும் தனக்கு எது பாதுகாப்பு என்று படுகிறதோ அதைத்தான் செய்கிறார்கள். எல்லாம் ஒரே ரோட்டில் ஒரே ராத்திரியில் நடக்கும்போது என் பையன் நடுவில் உட்கார்ந்திருக்கிறான்.

தன் ஓட்டும் திறமை மேல் எல்லோருக்கும் நம்பிக்கை அதிகம்தான், அது நம் ஊருக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. 1981-ல் ஓலா ஸ்வென்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவிலும் சுவீடனிலும் ஓட்டுநர்களிடம் இதைக் கேட்டார். அமெரிக்கர்களில் 93 சதவீதம் பேர், திறமையில் தாங்கள் மேல் பாதியில் இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் அந்த நம்பிக்கை பொய்த்துப் போகும்போது தாங்கிக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும். 2022-ல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. இந்திய மாநிலங்களிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். தமிழ்நாட்டைவிட மக்கள்தொகை கொஞ்சம் அதிகமாக உள்ள ஜெர்மனி முழுவதிலும் அதே ஆண்டில் இறந்தவர்கள் ஏறக்குறைய 2,800 பேர். இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு மனசு வலிக்கிறது.

தாங்கிக்கொள்ள இருக்க வேண்டிய முதல் பொருள் சீட் பெல்ட். சென்னையில் ஏறியதுமே தேடினேன். பின்சீட்டுக்குப் பளபளவென்று உறை போட்டு, பக்கிள் மூன்றையும் அதற்கு அடியில் தள்ளித் தைத்திருந்தார்கள். விரலை விட்டுத் துழாவி ரெண்டைத்தான் எடுக்க முடிந்தது. மூன்றாவதற்குத் தம்பியிடம் கத்திரிக்கோல் கேட்டேன். "பின்னாடி போலீஸ் கேக்க மாட்டாங்கக்கா" என்றார். 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிராவில் பால்கர் அருகே பாலத்துத் தடுப்பில் கார் மோதி, டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்ததும், பின்சீட்டில் இருந்த அவர் பெல்ட் போடாததும் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதற்குப் பிறகும் வாடகைக் கார்களில் பக்கிள் உறைக்கு அடியில்தான் கிடக்கிறது. நான் கிழித்த உறைக்கு நிறுவனம் பணம் கேட்டது, கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

சின்ன வயதில் இதே ரோட்டில் எத்தனையோ தடவை பஸ்ஸில் வந்திருக்கிறோம். அப்போது நாலு வழி கிடையாது. ரெண்டு பக்கமும் புளியமரம், அடிமரத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை, எதிர்வண்டி வந்தால் டிரைவர் டிம் அடித்து ஒதுங்குவார். மாமண்டூரில் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் எல்லோரும் இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த ரோடு பாதுகாப்பானது என்று சொல்ல மாட்டேன், நேருக்கு நேர் மோதல் அன்றைக்குச் சர்வ சாதாரணம். இப்போது மீடியனில் அரளி வளர்ந்து எதிர் வெளிச்சம் கண்ணில் படாமல் மறைக்கிறது, ரோடு வழவழவென்று இருக்கிறது, டோல்கேட்டில் ஃபாஸ்டாக் இருப்பதால் சில்லறைச் சண்டை இல்லை. இவ்வளவு நல்ல ரோட்டைப் போட்டுவிட்டு அதில் எப்படி ஓட்டுவது என்பதை மட்டும் ஆளுக்கு ஆள் அவரவர் விருப்பத்துக்கு விட்டிருக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

மறுநாள் கார் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "எங்க டிரைவர்ஸ் எல்லாம் நல்ல அனுபவம் உள்ளவங்க மேடம். இதுவரைக்கும் ஒரு ஆக்சிடென்ட் கூட இல்ல" என்றார். அந்தத் தம்பிக்கு முந்தின நாள் எத்தனை மணி நேரம் தூக்கம் என்று கேட்டேன். பதில் இல்லை. அதை யாரும் அவர்களிடம் கேட்டதே இல்லை போல. நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஐரோப்பாவில் லாரி, பஸ் ஓட்டுகிறவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்தியே ஆக வேண்டும், வண்டியில் இருக்கும் கருவி அதைப் பதிவு செய்கிறது. வாடகைக் காருக்கு அங்கேயும் அந்தக் கருவி கட்டாயம் இல்லை, ஆனால் அந்தப் பழக்கம் எல்லோரிடமும் ஊறியிருக்கிறது. அந்தத் தம்பி மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பதினெட்டு மணி நேரம் விழித்திருக்க வைத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

திரும்பும்போது டிரைவரை மாற்றித் தரச் சொன்னேன், பகல் நேரத்தில்தான் கிளம்புவோம் என்றும் சொன்னேன். வந்தவர் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர். ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடிகளைச் சரி செய்தார், பிறகு பின்னால் திரும்பி, "எல்லாரும் பெல்ட்டு போட்டாச்சாம்மா?" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே பாதி நிம்மதி வந்துவிட்டது. எண்பது, தொண்ணூறைத் தாண்டவில்லை. மீடியனில் இடைவெளி வரும் ஒவ்வொரு இடத்திலும் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிடுவார். அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று தெரிந்தாலும் எடுப்பார். விக்கிரவாண்டிக்கு முன்னால் ஒரு ஆம்னி பஸ் பின்னால் வந்து காது கிழிய ஏர்ஹாரன் அடித்தது. அவர் இடது இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் பார்த்து, ஒதுங்கி வழிவிட்டார். "போறவன் போகட்டும்மா. அவனோட நமக்கு என்ன போட்டி?" டோல்கேட்டில் அதே பஸ் எங்களுக்கு நாலு வண்டி முன்னால் நின்றுகொண்டிருந்தது. வந்த ராத்திரியைவிட முக்கால் மணி நேரம்தான் அதிகமாகியிருக்கும். அம்மா வழியெல்லாம் நிம்மதியாகத் தூங்கினார்.

பயணம் முடிந்ததும் நிறுவனத்திடமிருந்து போனுக்கு ஒரு படிவம் வந்தது. கார் சுத்தமாக இருந்ததா, டிரைவர் நேரத்துக்கு வந்தாரா, மரியாதையாக நடந்தாரா என்று கேள்விகள். எப்படி ஓட்டினார் என்று ஒரு கேள்வியும் இல்லை. முதல் தம்பிக்கும் இந்தப் படிவத்தில் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். கடைசியில் இருந்த காலிக் கட்டத்தில் பக்கிள், தூக்கம், இடது பக்கம் முந்தியது எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். பெரியவரின் பெயரையும் எழுதி, இவரைப் போல ஓட்டுகிறவர்களுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

ஊருக்குக் கிளம்புகிறவர்கள் கார் பதிவு செய்யும்போதே மூன்று விஷயத்தைப் பேசிவிடுங்கள். பின்சீட்டு பக்கிள் எல்லாம் வெளியே இருக்க வேண்டும். டிரைவர் அன்றைக்கு வேறு சவாரி ஓட்டிவிட்டு வரக்கூடாது. விமானம் ராத்திரி இறங்கினால் சென்னையிலேயே தங்கிவிட்டு விடிந்ததும் கிளம்புவதாகச் சொல்லுங்கள், அறை வாடகை போனால் போகட்டும். வழியில் பழுதாகி விளக்கில்லாமல் நிற்கும் வண்டியைப் பார்த்தால் 1033-க்கு அழைத்து, எந்தக் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் என்று சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு உரிய உதவி எண் அது. வேப்பங்கிளைக்கு முன்னால் இன்னொரு கார் வந்து கொண்டிருக்கும்.