முள்காட்டிலிருந்து ஈலண்டை வெளியே எடுப்பது: சின்ன வின்ச், பழைய கன்வேயர் பெல்ட், நெடுநாள் அனுபவம்

நமீபியாவில் வாட்டர்பெர்க் பீடபூமிக்குத் தெற்கே உள்ள ஒரு வேட்டைப் பண்ணையில் வண்டிகளைப் பராமரிப்பது என் வேலை. விருந்தினரைக் காட்டுக்குள் கூட்டிப்போவதும் சுட வைப்பதும் உரிமம் பெற்ற வழிகாட்டிகளின் பொறுப்பு. விலங்கு விழுந்த பிறகு அதை வெளியே கொண்டுவந்து குளிர் அறையில் தொங்கவிடுகிற வரைக்குமான பாடு எங்கள் குழுவுடையது. இதற்காகப் பல சீசன்களாக நாங்கள் வைத்திருக்கும் சாமான்களில் எது நின்றது, எது போனது என்று எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கேபினுக்குப் பின்னால் பொருத்திய ஒரு சின்ன மின் வின்ச் (கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் எந்திரம்), செயற்கை இழைக் கயிறு, சுரங்கத்தில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் சமவெளியில் எந்த மானையும் எடுத்துவிடலாம்.

எடையைச் சொன்னால்தான் விஷயம் புரியும். ஓரிக்ஸ் 200 கிலோவை ஒட்டி இருக்கும். கூடூ ஆண் 200 முதல் 300 வரை. இவற்றை நாலைந்து பேர் கால்களைப் பிடித்துத் தூக்கி, முனகிக்கொண்டாவது வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஈலண்ட் அப்படியில்லை. மான் இனங்களிலேயே பெரியது அது. வளர்ந்த ஆண் 500, 600 கிலோ என்பது சாதாரணம், முதிர்ந்த காளைகள் 900 கிலோ வரைகூடப் போகும். எத்தனை பேர் கூடினாலும் பிடிக்க இடம் கிடைக்காது. கழுத்துத் தொங்கு தசை ஒரு பக்கம் சரியும், வயிறு இன்னொரு பக்கம் சரியும், காலைப் பிடித்து இழுத்தால் கால் மட்டும்தான் வரும். உயிரோடு நடக்கும்போது முன்கால் மூட்டில் 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். காளை பெரிதாக ஆக அந்தச் சத்தம் கனத்துக் கேட்கும் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். தடம் பார்த்து விலங்கைத் தேடும் டிராக்கர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே பக்கத்தில் இருப்பது எப்படிப்பட்ட காளை என்று கணிப்பார்கள். அவ்வளவு கம்பீரமான விலங்கைச் சுட்டுவிட்டு, எடுக்க வழியில்லாமல் வெயிலில் கெடவிடுவதைப் போலப் பாவம் வேறு கிடையாது. எடுக்க முடியாத இடத்தில் நிற்கும் ஈலண்டைச் சுடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எங்கள் வழிகாட்டிகளும் இதை ஏற்று நடக்கிறார்கள்.

அடுத்தது காடு. இங்கே காடு என்றால் உயர்ந்த மரங்கள் இல்லை, மார்பளவு முதல் தலைக்கு மேல் வரை வளர்ந்த முள்புதர். அதிலும் ஸ்வார்த்ஹாக் என்று இங்குள்ளவர்கள் சொல்லும் வகைதான் மோசம். ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கொக்கி முள், உள்ளே போனால் விடாது. மேய்ச்சல் நிலத்தை இந்தப் புதர்கள் விழுங்கிக்கொண்டு வருவது நமீபியாவின் பெரிய தலைவலி. 2.6 கோடி ஹெக்டேருக்கும் மேல் பரவிவிட்டது. அடிபட்ட மான் ஓடி ஒளிவது இந்தப் புதருக்குள்தான். வண்டியை நேரே உள்ளே விட்டால் டயர் போகும். வெட்டின புதரின் அடிக்கட்டை டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். எறும்பும் கரையானும் தின்னும் ஆர்ட்வார்க் என்ற விலங்கு தோண்டிய குழி புல்லுக்குள் மறைந்திருக்கும், முன் சக்கரம் இறங்கினால் அச்சுவரை போய்விடும். அதனால் வண்டி எவ்வளவு தூரம் போகலாம் என்பதை டிரைவர் முடிவு செய்யக் கூடாது. டிராக்கர் முன்னால் நடந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே வண்டி நின்ற பிறகு வின்ச்சின் வேலை ஆரம்பம்.

எங்கள் வண்டி லேண்ட் க்ரூசர் 79, 4.2 லிட்டர் டீசல். முன் பம்பரில் பெரிய வின்ச் ஏற்கனவே இருந்தது. 9,500 பவுண்டு, அதாவது 4,300 கிலோ இழுக்கும். வண்டி சிக்கினால் அதுதான் தெய்வம். ஆனால் மான் எடுக்க அது ஒத்து வராது. முன்னால் இழுத்துக் கொண்டுவந்த மானைத் திரும்பவும் பின்னால் எப்படி ஏற்றுவது? அதனால் கேபினுக்குப் பின்னால், சரக்குத் தளத்தின் முன்பக்கக் கம்பிச் சட்டத்தில் 3,500 பவுண்டு வின்ச் ஒன்றைப் பொருத்தினோம். ஏடிவி என்னும் சின்ன நாலுசக்கரக் காட்டு வண்டிகளுக்கு விற்பது, சுமார் 1,600 கிலோ இழுக்கும். கயிறு தளத்தின் மேலாகப் பின்பக்கம் போய், பின்கதவு விளிம்பில் வைத்த உருளை வழியாக இறங்கும். புதருக்குள்ளிருந்து வண்டி வரை இழுப்பதும், பலகைச் சரிவு வழியாக மேலே ஏற்றுவதும் ஒரே இழுப்பில் முடியும்.

இவ்வளவு சின்ன வின்ச் ஈலண்டுக்குப் போதுமா என்று பலர் கேட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 700 கிலோ காளையை 30 டிகிரி சரிவில் ஏற்ற, சரிவுக்கு மட்டும் 350 கிலோ விசை வேண்டும். தோலுக்கும் பலகைக்கும் நடுவே உள்ள உராய்வுக்கு இன்னொரு 250 கிலோ வையுங்கள். மொத்தம் 600 கிலோ. வின்ச்சில் எழுதியிருக்கும் அளவு உருளையின் முதல் சுற்றுக்கு மட்டும்தான், சுற்று ஏற ஏற இழுவை குறையும். அப்படிக் குறைந்த பிறகும் 600-க்கு மேல் மிச்சம் இருக்கிறது. அதுவும் போதாத நேரத்தில் ஒரு கப்பியை மாட்டிக் கயிற்றை மடக்கிப் போட்டால் இழுவை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். வேகம் பாதியாவதும் நல்லதுதான். முள்ளில் கொம்பு மாட்டினால் நிறுத்த நேரம் கிடைக்கும்.

கயிறு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் கற்றுக்கொண்டோம். வின்ச்சோடு வந்தது இரும்பு வடம். அது முறுக்கிக்கொள்ளும், இழை அறுந்து கையில் குத்தும், இழுவையில் அறுந்தால் சாட்டையாகத் திரும்பி வரும். சீக்கிரமே அதைக் கழற்றிவிட்டு 6 மில்லிமீட்டர் டைனீமா வகைக் கயிறு போட்டோம். எடையே இல்லை. டிராக்கர் ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு புதருக்குள் குனிந்து போய்விடுவார். ஆனால் அதற்கு மூன்று எதிரிகள். முதலாவது மணல். இழைகளுக்கு நடுவில் புகுந்து உள்ளிருந்தே அறுக்கும். இரண்டாவது சூடு. இந்த இழை 150 டிகிரி வாக்கில் உருகிவிடும். பல வின்ச்களில் பிரேக் உருளைக்கு உள்ளேயே இருப்பதால், மோட்டாரை ஓட்டிக் கயிற்றை வெளியே விட்டால் உருளை கொதிக்கும். கிளட்சை விடுவித்துக் கையால் இழுத்து விடுவதே சரி. மூன்றாவது வெயில், அதற்கு ஒரு கான்வாஸ் உறை போதும். இவற்றோடு ரத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் காய்ந்தால் கயிறு விறைத்துக் குச்சியாகிவிடும், ராத்திரி எலியும் நரியும் வந்து கடிக்கும். அன்றன்றைக்கே பச்சைத் தண்ணீரில் அலசிவிட வேண்டும். வெந்நீர் ஊற்றினால் ரத்தம் இன்னும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இப்படிப் பார்த்துக்கொண்டால் ஒரு கயிறு முழு சீசனைத் தாண்டியும் தாராளமாக வருகிறது. முனையிலுள்ள முதல் சில மீட்டர்தான் தேயும், அதை வெட்டிவிட்டுத் திரும்ப முடைந்துகொள்ளலாம்.

வின்ச்சில் எங்களுக்குக் கோளாறு வந்தது ஒரே இடத்தில்தான்: மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சோலனாய்டு பெட்டி. தூசி புகாது என்று போட்டிருந்தது, ஆனால் இங்குள்ள மாவு போன்ற சிவப்புத் தூசி புகுந்துவிட்டது. காட்டுக்குள்ளே சுவிட்சை அழுத்தினால் வெறும் 'டிக்' சத்தம், மோட்டார் ஓடாது. பெட்டியைக் கேபினுக்குள் மாற்றி வைத்த பிறகு அந்தப் பிரச்சினையே இல்லை. வயர் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம், முழு இழுவையில் நூறு ஆம்பியருக்கு மேல் போகும். இழுக்கும்போது என்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும். அப்புறம் ரிமோட்டில் வயர் உள்ளதையே வாங்குங்கள், வயர்லெஸ் ரிமோட் புதருக்குள் விழுந்தால் போனதுதான்.

கன்வேயர் பெல்ட் யோசனை டிராக்கரில் மூத்தவர் கொடுத்தது. அவர் இளவயதில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அகலம் ஒன்றே கால் மீட்டர், நீளம் இரண்டரை மீட்டர், ஒரு முனையில் இரண்டு ஓட்டை போட்டு, கயிறு மாட்ட ஷாக்கிள் என்னும் இரும்பு வளையம் போட்டிருக்கிறோம். மானைப் புரட்டி அதன் மேல் போட்டுக் கட்டிவிட்டால் முள், கல், அடிக்கட்டை எதுவும் தோலைத் தொடாது. இதற்கு முன் தார்ப்பாய் போட்டுப் பார்த்தோம், ஒரே இழுப்பில் நார் நாராகிவிட்டது. தடித்த பிளாஸ்டிக் தகடு நன்றாக வழுக்குகிறது, ஆனால் குளிர்காலக் காலையில் விறைத்து, கல்லில் பட்டால் வெடிக்கிறது. பெல்ட்டுக்கு உள்ள ஒரே குறை எடை, தூக்க இரண்டு பேர் வேண்டும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பல சீசன் ஆகியும் எங்கள் பெல்ட்டில் கீறல் மட்டும்தான்.

பெல்ட் இல்லாமல் தரையில் இழுக்க வேண்டி வந்தால் தலை முன்னால் வரும்படி இழுங்கள். முடி வால் பக்கம் பார்த்துப் படிந்திருப்பதால் அப்படி இழுத்தால் உதிராது. கால் பக்கமாக இழுத்தால் தோள் முடி உரிந்து, பாடம் செய்யும் தோல் வீண். கயிற்றைக் கழுத்தில் போடவே கூடாது. இரண்டு கொம்பின் அடியிலும் சேர்த்துச் சுற்றி, மூக்குக்கு மேல் ஒரு அரைமுடிச்சு போட்டால் தலை நேராக வரும், கொம்பு புதரில் மாட்டாது. முன்கால்களைப் பின்னால் மடக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். உடல் விறைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், கறிக்காக. இங்கே டிராபி வேட்டை (கொம்பையும் தோலையும் நினைவுப் பொருளாக எடுத்துப்போகும் வேட்டை) பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை நடக்கும். ஜூன், ஜூலையில் காலைக் குளிர் கைகொடுக்கும். அக்டோபர் வெயிலில் ஈலண்டின் வயிறு பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதிவிடும். அவ்வளவு பெரிய உடம்பில் சூடு உள்ளேயே தங்கும், தொடைக்கறிதான் முதலில் கெடும். அதனால் வெயில் மாதங்களில் விழுந்த இடத்திலேயே குடலை எடுத்துவிடுகிறோம். எடையில் கால் பங்கு அங்கேயே குறைந்துவிடும், வின்ச்சுக்கும் லேசு. அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு கறியின் உள்சூடு 7 டிகிரிக்கு இறங்க வேண்டும். கொம்பும் தோலும் விருந்தினருக்குப் போகும். கறி பண்ணையில் தங்கும், வேலை செய்கிற குடும்பங்களுக்குப் பங்கு போகும், மிச்சம் பில்டாங் என்னும் உப்புக்கண்டம் ஆகும். ஒரு ஈலண்டில் எத்தனை வீட்டுக்குச் சோறு இருக்கிறது என்று பார்த்தவர்கள் அதைப் புதருக்குள் விட்டுவர மாட்டார்கள். குடல் அங்கேயே கிடக்கும், கழுகுகளுக்கு. அதனால்தான் எங்கள் பண்ணையில் ஈயத் தோட்டாவுக்கு அனுமதி இல்லை, செம்புதான். வெண்முதுகுக் கழுகு இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. குடலில் சிதறிய ஈயத்தை அது விழுங்கிச் சாவதற்கு நாம் காரணமாக இருக்கக் கூடாது.

வண்டி வரத் தாமதமாகும் என்றால் வழிகாட்டி தன் வியர்வைச் சட்டையைக் கழற்றி மானின் மேல் போட்டுவிட்டு வருவார். மனித வாசனைக்கு நரி கொஞ்ச நேரமாவது தள்ளி நிற்கும். ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்தாலும், பக்கத்துப் புதரில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிடுங்கள். முள்காட்டில் பத்து மீட்டர் தள்ளி நின்றாலும் விலங்கு கண்ணில் படாது.

கையுறை விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. 1977-இல் தொடங்கி நமீபியாவில் கூடூ மான்களிடையே வெறிநோய் கொள்ளைநோயாகப் பரவிப் பல்லாயிரம் மான்கள் செத்தன. 2002-க்குப் பிறகு திரும்பவும் வந்தது. எச்சில் வழியாகப் பரவுகிற நோய் அது. மூக்கில் முடிச்சுப் போடுகிற ஆளின் கையில் முள் கீறிய காயம் கட்டாயம் இருக்கும். உண்ணி வழியாகவும் ரத்தம் வழியாகவும் வருகிற காங்கோ காய்ச்சலும் இந்த நாட்டில் உண்டு. தடித்த ரப்பர் கையுறை ஒரு ஜோடி வின்ச் பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும். ஆள் பயமில்லாமல் எச்சில் ஒழுகத் தள்ளாடி நின்ற கூடூ என்றால், கறியும் வேண்டாம், கொம்பும் வேண்டாம், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வாங்க வேண்டாதவை: இரண்டு சக்கரத் தள்ளுவண்டி இங்கே பத்தடிகூட நகராது. வண்டியைத் தூக்கும் உயரமான ஹை-லிஃப்ட் ஜாக்கை வின்ச்சாகப் பயன்படுத்துவதை நான் அனுமதிப்பதில்லை, கைப்பிடி எகிறினால் தாடை போய்விடும். கையால் இழுக்கும் செயின் புல்லி ஒன்று மட்டும் மாற்றாக வைத்திருக்கிறோம். மெதுவானது, ஆனால் பேட்டரி செத்த அன்றைக்கு அது போதும்.

இதெல்லாம் சமவெளிப் பண்ணைக்குச் சரி. எரோங்கோ மலைப் பக்கமோ கோமாஸ் மேட்டுநிலத்திலோ வேட்டை என்றால் வின்ச்சுக்குச் செலவழிக்காதீர்கள். வண்டி நிற்கும் இடத்துக்கும் மான் விழுந்த இடத்துக்கும் நடுவே பாறைப் பள்ளம் இருக்கும், எந்தக் கயிறும் எட்டாது. அங்கே நல்ல கத்தி இரண்டு, சுத்தமான துணிப்பைகள், முதுகில் மாட்டும் சுமைச்சட்டங்கள் ஆளுக்கொன்று. விழுந்த இடத்திலேயே தோலுரித்து நாலாகப் பிரித்து, முதலில் தொடைகளைச் சுமந்து நிழலுக்குக் கொண்டுபோய்த் தொங்கவிடுங்கள். முன்கால்களும் முதுகுக்கறியும் அடுத்த நடை. தலையும் கொம்பும் கடைசி நடைக்குக் காத்திருக்கலாம், அவை அவ்வளவு சீக்கிரம் கெடாது.