டென்னிஸ் பால் கிரிக்கெட்டுக்கு எந்த கார்டு வாங்கலாம்?

கும்பப்பூ அறுவடை முடிந்ததும் நாஞ்சில் நாட்டு வயல்களில் ஸ்டம்ப் ஊன்றிவிடுவார்கள். வெடித்த மண்ணும் அறுத்த தாளும் கிடக்கும் அந்தப் பிச்சில், முழங்கால் உயரத்துக்கு வரவேண்டிய பந்து சட்டென்று எகிறும். படுவதோ வெளியே சொல்லக் கூசும் இடம். பேட் வாங்க ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுகிற டீமிலும், ஜட்டிக்குள் வைத்து அந்த இடத்தைக் காக்கும் கார்டு (guard) வாங்குவோம் என்று யாரும் வாய் திறப்பதில்லை. நாகர்கோவில் ஸ்போர்ட்ஸ் கடைகளில் எளிதாகக் கிடைக்கிற பொருள்தான்.

வழக்கமான டென்னிஸ் பால் 60 கிராமுக்கும் குறைவு. அதற்குச் சாதாரண பிளாஸ்டிக் கார்டே தாராளம். 156 முதல் 163 கிராம் வரை இருக்கும் லெதர் பாலில் ஆடுபவர்கள் மட்டும் தடித்த கார்டுக்குச் செலவு செய்யலாம். எதை எடுத்தாலும் முதலில் விளிம்பைப் பாருங்கள். பந்து நடுவில் பட்டாலும் அடி இறங்குவது விளிம்பு வழியாகத்தான். இரண்டு பெருவிரலாலும் அழுத்தும்போது ஃபோமுக்கு அடியில் பிளாஸ்டிக் கூராகத் தட்டுப்பட்டால் அதை வாங்காமல் திரும்ப வைத்துவிடுங்கள். தொடை இடுக்கு கன்றிப்போகும். விளிம்பைத் தைத்திருந்தால் நல்லது. வெறும் பசையில் ஒட்டியது நம்ம ஊர் வியர்வைக்குச் சீக்கிரம் பிரிந்து வரும்.

ஆனால் பணம் போட வேண்டியது கார்டில் அல்ல, அதைப் பிடித்து வைக்கும் சப்போர்ட்டரில். தொளதொள பாக்ஸருக்குள் செருகிய கார்டு இரண்டு ரன் ஓடியதும் ஒரு பக்கம் சாயும். அப்போது பந்து பட்டால் விளிம்பே விதையை நசுக்கும்; கார்டு போடாமல் அடி வாங்குவதைவிட அது மோசமாகக்கூட இருக்கலாம். பட்டை வைத்த சப்போர்ட்டர் காற்றோட்டமானது, ஆனால் கால் பட்டை தொடையை அறுக்கும். முன்பக்கம் பை தைத்த, இறுக்கமான ஜட்டி வகைதான் எங்கள் தேர்வு. குறுகிய முனை கீழே வரும்படி கார்டைப் பையில் வைத்து, போட்ட பிறகு ஒருமுறை குத்த வைத்து எழும்புங்கள். நகர்ந்தால் ஒரு சைஸ் குறைத்து வாங்குங்கள். கையில் காசு இல்லையா? இறுக்கமான இரண்டு ஜட்டிக்கு நடுவில் கார்டை வைத்தாலும் ஓரளவு நிற்கும்.

உரசல் எரிகிறதென்று தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆடுவது இங்கே வழக்கம். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறித் தளரும் என்பது ரப்பர் தோட்டங்கள் உள்ள குலசேகரம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியாததல்ல. சப்போர்ட்டர் எலாஸ்டிக்கிலும் ரப்பர் உண்டு. ஆட்டம் முடிந்த அன்றே சோப்புப் போட்டு அலசி நிழலில் உலர்த்துங்கள். ஃபோம் ஈரம் பிடித்து வைக்கும், மழைக்காலத்தில் லேசில் காயாது. ஈரத்தோடு மறுபடி போட்டால் படர்தாமரை வரலாம். ஒரே கார்டை டீம் முழுக்க மாற்றிப் போட்டாலும் அதே கதிதான்.

கார்டு இல்லாமல் அடி பட்டவரை ‘எழும்புலே மக்கா’ என்று தூக்கிக் குதிக்க வைக்காதீர்கள். படுக்க வைத்து, துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வையுங்கள். வலி அடிவயிறு வரை ஏறும், குமட்டும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும். தணியாவிட்டால், வீங்கினால், வாந்தி நிற்காவிட்டால், சிறுநீரில் ரத்தம் கண்டால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ உடனே கிளம்புங்கள். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. வெட்கப்பட்டு இரவு முழுக்கப் பொறுத்திருக்கிற பையன்கள்தான் அதை இழக்கிறார்கள்.

பையன்களுக்கு ‘பாய்ஸ்’, ‘யூத்’ என்று தனி அளவு உண்டு. அப்பாவோ அண்ணனோ கூடப் போய்க் கேட்டு வாங்கிக் கொடுங்கள். அவர்களாகக் கடையில் கேட்க மாட்டார்கள்.