கடலாதெனியவா, லங்காதிலகவா?

கண்டிக்கு மேற்கே சில கிலோமீற்றர் இடைவெளியில் நிற்கும் இந்த இரண்டு விகாரைகளும் நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தவை, 14ஆம் நூற்றாண்டு. கடலாதெனிய பெரும்பாலும் கருங்கல். கட்டியவர் ஸ்தபதி கணேஸ்வராச்சாரி. மண்டபத் தூண்களைப் பார்த்தால் நம் ஊர்க் கோயிலுக்குள் நுழைந்த மாதிரியே இருக்கும். செதுக்கல் பார்க்க விரும்புபவர்களுக்கு இதுதான்.

லங்காதிலக செங்கல், சுண்ணச்சாந்துக் கட்டடம். மேல்மாடிகள் அழிந்துபோயின. ஆனாலும் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இங்கேயே போங்கள்: பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. காலைச் சாய்வெயிலில் எழுத்து தெளிவாகத் தெரியும். உச்சிவெயிலில் மங்கிவிடும், பாறையும் வெறுங்காலைச் சுடும். மழை பெய்தால் வெட்டுப்படிகள் வழுக்கும். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு இரண்டுக்கும் கட்டாயம்.